பதினான்கு மில்லிமீட்டர்

ஷிப்பமனீன் சந்தையில் ஃபெலிசார்தா
வேரை விரல் நீளத்துக்கு நறுக்கி
பத்துப் பத்தாக ரப்பர் வளையம் மாட்டுகிறாள்.
முலாலா.
தோலை உரித்தால் மஞ்சள், மென்றால் ஆரஞ்சு.
மாப்புட்டோவில் காலை எட்டு மணிப் பேருந்தில்
பாதிப் பெண்களின் உதடுகளில்
நேற்றைய அந்தி இன்னும் மறையாமல் இருக்கும்.

இரண்டு கிலோ கேட்டேன்.
என் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு,
"உனக்கு வாய் ஒன்றுதானே?" என்றாள்.

ஆய்வுக்கூடம் என்றேன். கிருமி என்றேன்.
"வேலை செய்கிறதா என்று பார்க்கப் போகிறாயா?
வேலை செய்யாமலா நான் விற்கிறேன்?"
பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள்.
ஃபெலிசார்தா சிரிக்கவில்லை,
வலது தாடையைக் கையால் தாங்கியிருந்தாள்.

காயவைத்தேன், அரைத்தேன், ஊறவைத்தேன்.
தண்ணீர் வெளிறிய தேநீராகி நின்றுவிட்டது.
எத்தனால்தான் வேரின் வாயைப் பிடுங்கியது.
துருவின் நிறத்தில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தது.
உள்ளே இருப்பதன் பெயர் நாப்தோகுவினோன்.
சொல்லி முடிப்பதற்குள்
நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கும்.

அடுத்த வாரம் பஞ்சுக் குச்சியோடு போனேன்.
வாடிக்கையாளர் நடுவே கூச்சமில்லாமல்
வாயைத் திறந்தாள்.
முன்பற்கள் பளிச்சென்று இருந்தன.
பின்னால், கடைவாய்ப் பல் ஒன்று
கருகிய வீட்டின் வாசல்போல.
அங்கேயும் குச்சியை விட்டேன்.
கண்ணில் நீர் முட்டியும் விலகவில்லை.
"வேர் அதுவரை எட்டாது," என்றாள்,
"தும்பு முனை பட்டால் உயிர் போகும்."

முப்பத்தேழு டிகிரி.
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.
இரவு இரண்டு முறை மின்சாரம் போனது.
இரண்டாம் முறை காவலாளி அர்மீந்துவின் டார்ச்சில்
தட்டுகளைப் போர்வையில் சுற்றினேன்.
பிள்ளைப்பேறா என்று கேட்டான்.

காலையில்,
ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புப் பரப்பில்
பாலாடையாய்ப் படர்ந்திருந்தன.
காகிதப் பொட்டைச் சுற்றி மட்டும்
யாரும் குடியேறாத ஒரு வட்டம்.
அடிக்கோல் வைத்தேன்: பதினான்கு மில்லிமீட்டர்.
மருந்துக்கடை வாய்க்கழுவிக்குப் பத்தொன்பது.
தண்ணீரில் ஊறியதற்கு ஒன்றுமில்லை, ஒரு மயிரிழைகூட.

தனியாகத் திரிந்த கிருமிகள் செத்தன.
அந்தக் கடைவாய்ப் பல்லில் இருந்து வந்தவற்றை
கண்ணாடிச் சில்லில் ஒட்டி வளர்த்தேன்.
அவை பசை சுரந்தன,
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூரை போட்டன,
சர்க்கரை கிடைத்த இடத்தில் ஊர் கட்டின.
நான்கு மடங்கு ஊற்றினேன். எட்டு மடங்கு.
பல்லைக் கடித்துக்கொண்டு
பிழைத்துவிட்டன.

"அதைக் கடைசிப் பத்தியில் எழுது," என்றார்
டாக்டர் ஒர்லாண்டா, கண்ணாடியைத் துடைத்தபடி.
"முதல் பத்தியில் பதினான்கு."
படிவத்தில் ஒரு கட்டம்: மாதிரி கிடைத்த இடம்.
உள்ளூர்ச் சந்தை என்று யாரோ முன்பே தட்டச்சிட்டிருந்தார்கள்.
அடித்துவிட்டு எழுதினேன்:
ஃபெலிசார்தா ஷிசீக்கோ, ஏழாவது வரிசை,
கோழிக் கூண்டுகளுக்கு எதிரே.
கட்டம் போதவில்லை,
ஓரத்தில் வழிந்தது.

சொல்லப் போனேன். எப்படித் தொடங்குவது என்று
வழியெல்லாம் வார்த்தைகளை மென்றுகொண்டே.
வட்டத்தைச் சொல்வதா, பசையைச் சொல்வதா.
அவளுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.
செவ்வாய்க்கிழமை மத்திய மருத்துவமனையில்
பிடுங்கிவிட்டார்களாம்.
உதட்டை விலக்கிக் காட்டினாள்:
தையல் போட்ட வெற்றிடம்.
"உன் கிருமிகள் இப்போது வீடில்லாமல் நிற்கும்."

என் தட்டுகளில் இன்னும் வாழ்கின்றன
என்று சொல்ல வாய் வரவில்லை.

மீண்டும் இரண்டு கிலோ. விலை குறைக்கவில்லை.
ஐந்து மெட்டிகல் சில்லறை இல்லாததால்
மூன்று வேர்கள் கூடப் போட்டாள்.
பேருந்தில் ஒன்றை மென்றேன்,
முதலில் கசப்பு, பிறகு நாக்கில் மிளகுக் காரம்.
நடத்துனர் சீட்டைக் கொடுக்கும்போது
என் வாயைப் பார்த்து
தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான்,
ஏதோ ஒட்டியிருக்கிறது என்பதுபோல.